இடக்கைக் கிட்டார் ஒன்று தேவை

ஜூன் 3, செவ்வாய்

பிசியோதெரபி மேடம் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். தினமும் இடது கையால் நாலு வரி எழுத வேண்டுமாம். என்ன எழுதுவது என்று கேட்டேன். "சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னுகூட எழுதுங்க. யாரு படிக்கப்போறா?" என்றார். நாலு வரிக்கு மேல் போனால் வலது கைக்கு மாறிக்கொள்ளலாம் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். மேலே இருப்பது இடது. இங்கிருந்து வலது.

என் பெயர் சுகந்தி. வயது முப்பத்திரண்டு. கணபதியில் மோட்டார் தகடு வெட்டும் கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிப்ரவரி பதினொன்றாம் தேதி இடது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனிக் கணுவோடு போய்விட்டன. இப்போது அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து போல்ட், நட்டு எடுத்துக் கொடுக்கிறேன். சுலபமான வேலை. மற்றபடி எல்லாம் நன்றாகவே இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

மாமா இன்று கட்டிலுக்கு அடியிலிருந்து கிட்டாரை இழுத்து வெளியே போட்டார். மாமா என்றால் என் வீட்டுக்காரர் குமரேசன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்கு எதுவும் இல்லாவிட்டால் வீட்டில் எதையாவது பிரித்துப் போடுவார்.

"அம்மிணி, இதுமேல பல்லி முட்டை வெச்சிருக்குது பாரு."

"இருந்துட்டுப் போகுதுங்க மாமா. அதுக்காவது ஆகட்டும்."

அவர் துணியை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அது இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய எலக்ட்ரிக் கிட்டார். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு என்று பெட்டி, பை, சத்தம் வருகிற குட்டி ஆம்ப் எல்லாம் சேர்த்து விற்பார்களே, அந்த வகை. சனிக்கிழமை வகுப்பில் ஷமீமாவையும் லின்சியையும் பார்த்து, மூன்று பேரும் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தோம். ஷமீமா டிரம்ஸ், லின்சி கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுவாள், நான் கிட்டார். போன வருடம் இரண்டு கல்யாண வரவேற்பில்கூட வாசித்தோம். கிட்டாரில் கம்பிகளை அழுத்துவது இடது கை. அதனால் அந்தக் கதை பிப்ரவரியோடு முடிந்தது. டாக்டர் இன்னும் பொறுக்கச் சொல்கிறார் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். டாக்டரிடம் நான் கிட்டாரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

சாயங்காலம் மாமா போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆறு கம்பிகளையும் கழற்றி, வரிசையைத் தலைகீழாக மாற்றிக் கட்டினார். ஒரு கம்பி தெறித்து அவர் கன்னத்தைக் கீறியது.

"இப்ப வலது கையில அழுத்து. இடது கையில தட்டு. கட்ட விரலும் ஆள்காட்டி விரலும் நல்லாத்தான இருக்குது? கம்பியத் தட்டற பிக் வில்லையப் பிடிக்க அது ரெண்டு போதுமாம்."

"யாரு சொன்னது?"

"வீடியோவுல ஒரு வெள்ளைக்காரன் சொன்னான்."

சிரித்துவிட்டேன். கிட்டாரை வாங்கிக்கொள்ளவில்லை.

ஜூன் 9, திங்கள்

வாங்கிக்கொண்டேன். பத்து நிமிடம்.

ஜூன் 21, சனி

இரண்டு வருடம் கற்றது கைக்குத் தெரியவில்லை, தலைக்கு மட்டும் தெரிகிறது. எந்தக் கார்டுக்கு, அதாவது எந்தச் சுரக்கூட்டுக்கு, எந்த விரல் எங்கே என்று எனக்குத் தெரியும். வலது கை மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த புதுப்பெண் மாதிரி முழிக்கிறது. இடது கை பிக்கைக் கீழே போட்டுக்கொண்டே இருக்கிறது. இன்று மட்டும் பதினேழு முறை குனிந்து எடுத்தேன். ஆனால் ஒரு பாட்டின் முதல் இரண்டு வரி வந்தது. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். அதுவும் ஒரு விமர்சனம்தான்.

ஜூன் 29, ஞாயிறு

இந்தக் கிட்டாரோடு இதற்கு மேல் போக முடியாது போலிருக்கிறது. தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காருவதற்கு ஒரு வெள்ளைப் பட்டை உண்டு. அதில் மெல்லிய கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் இப்போது தடித்த கம்பி உட்கார்ந்திருக்கிறது. சரியாக இறங்காமல் கடகடவென்று அடிக்கிறது. மெல்லிய கம்பியோ பெரிய பள்ளத்தில் ஆடுகிறது. கிட்டாரைத் திருப்பிப் பிடிப்பதால் சத்தம் கூட்டும் திருகுகள் எல்லாம் மேல்பக்கம் வந்துவிட்டன. வேகமாகத் தட்டினால் முழங்கை பட்டு சத்தம் தானாகக் குறைகிறது.

மாமாவிடம் சொன்னேன். "அப்ப வேற வாங்கிக்கலாம்" என்றார், ஏதோ தக்காளி வாங்குவதுபோல. எனக்குக் கோபம் வந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

ஜூலை 5, சனி

கிராஸ்கட் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற கடைக்குப் போனோம். சுவர் முழுக்கக் கிட்டார். நாற்பதாவது இருக்கும். ஒன்றுகூட இடது கைக்கானது இல்லை.

"லெஃப்ட் ஹேண்டு பீஸ் நாங்க ஸ்டாக் வெக்கறதில்லீங்க மேடம். நூறு பேர்ல ஒருத்தர் கேப்பாங்க. ஆர்டர் பண்ணாத் தருவிச்சுத் தர்றேன். ஆனா ரிட்டன் கெடையாது" என்றார் கடைக்காரர். நல்ல மனிதர்தான். "நீங்க பொறந்ததுல இருந்தே லெஃப்ட்டுங்களா?"

"ஆமாங்க" என்றேன். மாமா என்னைப் பார்த்தார்.

வாசித்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது? செருப்பைக்கூட நாலு ஜோடி போட்டுப் பார்த்துத்தான் எடுக்கிறோம். சும்மா கனம் பார்ப்பதற்காக ஒரு நீலக் கிட்டாரை எடுத்துத் தந்தார். நான் மடியில் வைப்பதற்குள் ஆம்ப் ஒயரைச் செருகினார். டொம் என்று ஒரு அடி, பிரஸ் இறங்குவதுபோல.

கிட்டாரை அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். கடைக்குள் ரொம்பப் புழுக்கமாக இருந்தது. மாமா கரும்புச் சாறு வாங்கித் தந்தார். என் டம்ளரையும் அவரே பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 6, ஞாயிறு

கடையில் ஏசி இருந்தது.

ஜூலை 12, சனி

சொல்லாமல் கொள்ளாமல் ஷமீமா வந்தாள். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக எவ்வளவு நேரம் கேட்டாளோ தெரியாது. அவள் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். நின்று கவனிப்பது அவள் பழக்கம்.

"டாக்டர் பொறுக்கச் சொன்னாருன்னு சொன்னியே?"

"சும்மா தொட்டுப் பார்த்தேன்."

"தொட்டுப் பார்க்கறவ அதே இடத்தை ஒம்பது தடவ வாசிக்க மாட்டா. எண்ணினேன்." கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "ஏண்டி, கையை மாத்திட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"இன்னும் சரியா வரலை. வந்ததும் சொல்லலாம்னு."

"நாங்க என்ன உனக்கு ஆடியன்ஸா? வந்ததும் சொல்றதுக்கு?"

டீ போட எழுந்தேன். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இடது கையை. பிடித்தபடியே விஷயத்தைச் சொன்னாள். பீளமேட்டில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் செப்டம்பர் இருபத்தொன்று ஆண்டு விழா. ஐந்து பாட்டு கேட்கிறார்கள்.

"உங்கிட்ட மறைக்க விரும்பலை. ஜூன்ல ஒரு பொண்ணைக் கூப்ட்டு ரெண்டு வாரம் வாசிச்சுப் பார்த்தோம். நல்லாவே வாசிச்சா. ஆகஸ்ட் பத்துக்குள்ள நீ வர்றியா இல்லையான்னு சொல்லிடு. வரலைன்னா அவளைக் கூப்பிடுவோம். கோவிச்சுக்காத."

கோபமெல்லாம் இல்லை. நல்லாவே வாசித்தாளாம்.

ஜூலை 13, ஞாயிறு

மூன்று மணி நேரம் வாசித்தேன்.

ஜூலை 26, சனி

கடைக்காரரே போன் செய்தார். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போன இடக்கைக் கிட்டார் ஒன்று வந்திருக்கிறதாம்.

கன்னங்கரேல் என்று இருந்தது. உடம்பு இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீண்டு, முனையில் கூராக. இரும்பு பாகங்கள் எல்லாம் பளபளப்பு. தோளில் மாட்டினால் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருக்கிறது. கழுத்துப் பகுதி அகலம். என் வலது கை சுற்றிப் பிடிக்கக் கொஞ்சம் திணறியது. ஆனால் சத்தம்! எதைத் தட்டினாலும் அடைமழை மாதிரி ஒரே இரைச்சல். நான் செய்த தப்பெல்லாம் அதில் கரைந்துபோனது. கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கிட்டாரைத்தான் பார்த்தார்கள். வைத்த கண் எடுக்காமல் கிட்டாரையே.

இதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"கனமா இருக்குதே அம்மிணி" என்றார் மாமா.

"பழகிக்கலாமுங்க."

"நீங்க வாசிக்கற பாட்டுக்கு இவ்வளவு இரைச்சல் வேணுமா?"

"மேடையில எடுப்பா இருக்கும் மாமா."

பத்து நாள் எடுத்து வைப்பதாகக் கடைக்காரர் சொன்னார். வரும்போது பைக்கில் மாமா எதுவும் பேசவில்லை. அவர் பேசாவிட்டால் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

ஜூலை 29, செவ்வாய்

ஸ்டோர்ஸுக்கு ஒரு ஆள் புதிதாக வந்திருக்கிறார். விரல்களை மூடியபடி என் இடது கையில் எப்போதும் துணிப்பை தொங்குவதைப் பார்த்து, "பைக்குள்ள அப்படி என்னக்கா பொக்கிஷம்?" என்றார். டிபன் பாக்ஸ் என்றேன். டிபன் பாக்ஸ் மேஜைமேல் இருந்தது.

ஜூலை 31, வியாழன்

மாமா யோசித்ததன் பலன் இன்று தெரிந்தது. பழைய கிட்டார் விற்பவர்கள் விளம்பரம் போடும் இடங்களில் எல்லாம், "இடக்கைக் கிட்டார் ஒன்று தேவை. ஆள் கோவையில் இருக்கிறார். வாசித்துப் பார்த்துத்தான் வாங்குவார்" என்று போட்டிருக்கிறார். கோத்தகிரியிலிருந்து ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். போட்டோவில் அந்தக் கிட்டார் பழுப்பேறிய வெள்ளையில், ஓரத்தில் பெயிண்ட் பெயர்ந்து, ரேஷன் கடை மேஜை மாதிரி இருந்தது.

"கறுப்பே போதுமுங்க" என்றேன்.

"ஒண்ணைப் பார்த்துட்டு ஒண்ணு எடுத்தா அது எடுக்கறது. ரெண்டைப் பார்த்தாத்தான் தேர்ந்தெடுக்கறது. ஞாயித்துக்கிழமை போலாம். குளுகுளுன்னு இருக்கும்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. மேட்டுப்பாளையத்தில் ஆற்றுக்குப் போகிற கூட்டத்தில் பஸ் ஏறவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கோத்தகிரியில் இறங்கியதும் நல்ல குளிர். விரல் இரண்டும் விண்ணென்று வலித்தன. இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும். வலது கைதான்.

அவர் பெயர் போஜராஜ். என் வயதுதான் இருக்கும். தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். பிறவியிலேயே இடக்கைக்காரர். அவர் மனைவி சூடாகக் காபி கொடுத்தார். அதற்குள் அவர் கிட்டாரைக் கொண்டுவந்து ஆம்ப் ஒயரையும் எடுத்தார். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவரோ முதலில் ஆம்ப் சத்தத்தை அடியோடு குறைத்தார். பிறகு ஒயரைச் செருகினார். அதன் பிறகு மெல்லக் கூட்டினார். ஒரு சத்தமும் இல்லை. எலக்ட்ரீஷியன் என்பதால் அந்தப் பழக்கமோ என்னவோ.

"ஏன் விக்கறீங்க?" என்று மாமா கேட்டார்.

"ரெண்டாவது ஒண்ணு வாங்கிட்டேன் அண்ணே. ஒரு வீட்டுல ரெண்டு இடக்கைக் கிட்டார் எதுக்குன்னு இவங்க கேக்கறாங்க." மனைவியைக் காட்டிச் சிரித்தார். "இந்தப் பக்கம் இதை வாங்க ஆளே கெடையாது. நாலு மாசமா சும்மா கெடக்கு."

நான் பையைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. வேறு வழியில்லை. கிட்டாரைக் கையில் வாங்கியதும் அவர் என் கையைப் பார்த்தார். பார்க்காததுபோல் எல்லாம் இருக்கவில்லை.

"கை என்னாச்சு?"

"பிரஸ்ல போயிருச்சுங்க" என்றேன். பிப்ரவரிக்குப் பிறகு இந்த வாக்கியத்தை ஒரு ஆளிடம் நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. இவ்வளவு சின்ன வாக்கியமா அது என்று இருந்தது.

"வலிக்குதா?"

"குளிருக்குக் கொஞ்சம்."

"அப்ப பிக் கொஞ்சம் தடிமனா வெச்சுக்கங்க. நழுவாது." பெட்டியைக் கிளறித் தடிமனாக ஒன்றை எடுத்துத் தந்தார். அவ்வளவுதான். அதற்கு மேல் என் கையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

கிட்டார் லேசாக இருந்தது. மடியில் இருப்பதே தெரியவில்லை. கழுத்து ஒல்லி, வலது கை கேட்காமலேயே சுற்றிப் பிடித்தது. கம்பிகள் கட்டைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்ததால் அழுத்துவதற்குப் பலம் தேவைப்படவில்லை. திருகுகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஒரு கம்பியைத் தட்டினேன். அந்தக் கம்பி மட்டும் கேட்டது. இரண்டைத் தட்டினால் இரண்டும் தனித்தனியாகக் கேட்டன. பாட்டை ஆரம்பித்தேன். நாலாவது கார்டில் வழக்கமாக ஒரு விரல் பக்கத்துக் கம்பியில் இடிக்கும். அதுவும் அப்பட்டமாகக் கேட்டது. எல்லாத் தப்பும் கேட்டது. காது கூசியது.

"அது கொஞ்சம் பொல்லாத கிட்டாருங்க" என்றார் போஜராஜ். "எதையும் மறைக்காது. அதனால எனக்கே இதுமேல சிலநாள் கோவம் வரும்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். மலை இறங்கும்போது மாமா தூங்கிவிட்டார். எனக்கு இரண்டு கிட்டாரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. கறுப்பில் நான் வாசித்தது நினைவில் இல்லை. அதன் சத்தம் மட்டும் நினைவிருந்தது. கறுப்பை மாட்டிக்கொண்டு மேடையில் நிற்பதுபோல் நினைத்துப் பார்த்தேன். அந்தப் படத்தில் கொம்பும் பளபளப்பும் தெரிந்தன. எவ்வளவு முயன்றும் நான் தெரியவில்லை.

அதற்காகத்தானே அதை விரும்பினேன்?

மலை இறங்கி முடிகிற இடத்தில் மாமாவை எழுப்பினேன்.

"மாமா, திரும்பிப் போலாமா?"

"என்ன, பையை வெச்சுட்டு வந்துட்டியா?"

"இல்லீங்க. கிட்டாரை வெச்சுட்டு வந்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டிரைவர், ஓரமா நிறுத்துங்க!" என்று ஒரு சத்தம் போட்டார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். எதிரில் வந்த கோத்தகிரி பஸ்ஸைக் கைகாட்டி ஏறினோம். போஜராஜ் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவர் மனைவிதான் திறந்தார். "நான் சொன்னேனில்ல, வருவாங்கன்னு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஷமீமாவுக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்றேன். "யாரு இல்லைன்னா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். கறுப்பு வேண்டாம் என்று கடைக்காரருக்கும் சொன்னேன். நான் பிறவி இடக்கை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

லின்சி வீட்டு மொட்டை மாடி அறையில் ஒத்திகை. முதல் பாட்டில் இரண்டு இடத்தில் நின்றேன். இரண்டாவதில் ஐந்து. லின்சி பொறுமையாகத் திரும்பத் திரும்ப ஆரம்பித்தாள். கிளம்பும்போது, "வேகமான அந்தக் கடைசிப் பாட்டை விட்டுடலாமா?" என்று கேட்டாள். ஷமீமா குச்சிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "விட வேண்டாம். நான் மெதுவா அடிக்கறேன்" என்றாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வலது கை விரல் நுனியெல்லாம் காய்த்துவிட்டது. தோசைக் கல்லைத் தொட்டாலும் சுடவில்லை. பெருமையாக இருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஐந்தில் மூன்று பாட்டு நிற்காமல் போயின. நாலாவது கார்டில் அந்த விரல் இப்போது இடிப்பதில்லை. இடித்தால் உடனே தெரிந்துவிடுகிறது, அதனால் அதுவே கற்றுக்கொண்டுவிட்டது. நல்ல பொல்லாத கிட்டார்.

செப்டம்பர் 20, சனி

நாளைக்கு. மாமா சட்டைக்கு இஸ்திரி போடுகிறார், வாசிக்கப்போவது அவர்தான் என்பதுபோல.

செப்டம்பர் 21, ஞாயிறு

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளை ஓரம் தள்ளி மேடை போட்டிருந்தார்கள். இருநூறு பெண்கள் இருப்பார்கள். ஐடி கம்பெனி, நூல் மில், ஆஸ்பத்திரி என்று எல்லா வேலையும் செய்கிறவர்கள். நைட்டியோடு வந்தவர்களும் உண்டு. வேனை வெளியே நிறுத்திவிட்டு மாமா வாட்ச்மேனோடு கேட்டில் நின்றார். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை.

மேடை ஏறிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. முன்பு மாதிரி இருந்திருந்தால் இடது கை கிட்டாரின் கழுத்தோடு ஓரமாகப் போயிருக்கும். இப்போது அது கிட்டாரின் நடுவில், என் வயிற்றுக்கு முன்னால், நேராக விளக்கு விழுகிற இடத்தில் இருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். அவளும் பார்த்தாள். பார்க்கட்டும் என்று எழுத ஆசைதான். அப்போது அப்படித் தோன்றவில்லை. ஷமீமா குச்சியால் நாலு தட்டு தட்டினாள். நாலாவது தட்டுக்குப் பிறகு யோசிக்க நேரமில்லை.

இரண்டு பாட்டு நன்றாகப் போயின. மூன்றாவது பாட்டின் நடுவில் பாட்டு இல்லாமல் கிட்டார் மட்டும் வரும் ஓர் இடம். அங்கே எனக்கு அடுத்த சுரம் மறந்துவிட்டது. தலைக்குள் வெறும் வெள்ளையாக இருந்தது. விரல்கள் தப்பான இடத்தில் நின்றன. இந்தக் கிட்டார் எதையும் மறைக்காது என்று எனக்குத் தெரியும். தப்பு கூடம் முழுக்கக் கேட்டது. வேறு வழியில்லாமல் அந்தத் தப்பையே இன்னொரு தடவை வாசித்தேன். இரண்டாவது தடவை அது தப்பு மாதிரி இல்லை. அங்கிருந்து வலது கை ஒரு படி இறங்கியது, இன்னொன்று ஏறியது. நான் சொல்லித்தரவில்லை. லின்சி கீபோர்டில் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷமீமா டிரம்ஸை மெதுவாக்கி எனக்கு இடம் விட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு ஒரு வழியாகப் பாட்டுக்குள் வந்து சேர்ந்தேன். கூடத்தில் விசில் பறந்தது.

கடைசிப் பாட்டையும் வாசித்தோம். ஷமீமா மெதுவாக அடிக்கவில்லை.

முடிந்ததும் அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "மூணாவது பாட்டுல என்னடி பண்ணின? ஒத்திகையில அது இல்லையே."

"மறந்துட்டேன். எனக்கே தெரியலை."

"மறந்ததா அது?" என்றாள். "எனக்கு அது வேணும். எழுதி வை."

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் ஐந்தரைக்கு எழுந்து அதைத் தேடினேன். முதல் சுரம் தெரியும், அது தப்பான இடம். அடுத்தது இறங்கியதா ஏறியதா என்று சண்டை. மாமா நேற்று கேட்டுக்கு வெளியே நின்றபடி காதில் விழுந்ததை வைத்துச் சீட்டி அடித்துக் காட்டினார். அவருக்குச் சீட்டி சரியாக வராது. ஆனாலும் ஒரு இடத்தில், "அங்க ஒரு மூச்சு விட்ட அம்மிணி, அப்புறந்தான் மேல போன" என்றார். அது சரியாக இருந்தது. ஏழு மணிக்குப் பாதி கிடைத்தது. எட்டரைக்கு முழுசும் கிடைத்தது. மறுபடி வாசித்தேன், போய்விடுமோ என்ற பயத்தில் இன்னும் நாலு தடவை வாசித்தேன். போகவில்லை.

இரண்டு வருடம் அடுத்தவர்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் வாசித்தேன். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்து விரலும் இருந்தபோது இது வரவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம். சூப்பர்வைசர் காரணம் கேட்டார். "ஒரு மெட்டு போட்டுட்டு இருந்தேனுங்க சார்" என்றேன். அவர் தாமதத்துக்கான காரணம் எழுதும் பட்டியலைப் பார்த்தார். அதில் அப்படி ஒன்று இல்லை. கடைசியில் "இதர" என்று எழுதிக்கொண்டார்.